விசிறியா, கையுறையா, வளையலா, கைப்பையா?

எங்கள் வாசிப்புக் கூட்டத்தில் மொத்தம் ஐந்து பேர். இரண்டு ஜோடி, மிச்சம் நான். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை யாராவது ஒருவர் வீட்டு ஹாலில் உட்கார்ந்து ஏதாவதொரு நாடகத்தை உரக்க வாசிப்போம். ஆளுக்கு இரண்டு மூன்று பாத்திரம் விழும். இந்த முறை ஐரிஷ் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டின் நகைச்சுவை நாடகங்களில் ஒன்று என்று முடிவாகி, எந்த ஒன்று என்று பார்க்கும் வேலை என் தலையில் வந்து உட்கார்ந்தது. கூட்டம் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: கல்யாணமான இரண்டு ஜோடியும் வீட்டுக்குத் திரும்பும் வழியில் அதைப் பற்றிச் சண்டை போட்டாக வேண்டும்.

கையிருப்பு நான்கு. 1892 பிப்ரவரி 20 அன்று லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தியேட்டரில் மேடையேறிய ‘லேடி விண்டர்மியர்ஸ் ஃபேன்’. 1893 ஏப்ரலில் ஹேமார்க்கெட் தியேட்டரில் ‘எ உமன் ஆஃப் நோ இம்பார்ட்டன்ஸ்’. 1895 ஜனவரி 3 அன்று அதே ஹேமார்க்கெட்டில் ‘ஆன் ஐடியல் ஹஸ்பெண்ட்’. ஆறு வாரம் கழித்து, பிப்ரவரி 14 அன்று, மறுபடி செயின்ட் ஜேம்ஸில் ‘தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்’. நான்கிலும் ஒளித்து வைத்த ஒரு சங்கதி இருக்கிறது. நான்கிலும் அதைக் காட்டிக்கொடுக்கவோ முடித்துவைக்கவோ கையில் பிடிக்கிற ஒரு பொருள் இருக்கிறது. முதலாவதில் விசிறி, இரண்டாவதில் கையுறை, மூன்றாவதில் உடையில் குத்துகிற, வளையலாகவும் மாட்டிக்கொள்ளக்கூடிய ஒரு வைர ப்ரூச், நாலாவதில் கைப்பை. தலைப்புகள் வாய்க்குள் நுழைய மறுப்பதால் அந்தப் பொருள்களின் பெயராலேயே நாடகங்களைச் சொல்லிக்கொண்டு போகிறேன்.

யாரைக் கேட்டாலும் முதலில் வருகிற பதில் கைப்பை. ஏன் என்று விளங்குகிறது. சிரிப்பு ஓரிடத்திலும் வற்றாத நாடகம் அது ஒன்றுதான். ஒன்பதே பாத்திரம், அதிலும் இரண்டு பேர் வேலைக்காரர்கள். ஐந்து பேர் வாசிக்க அளவெடுத்துத் தைத்தது போல. ஜாக் வொர்திங் என்பவன் கிராமத்தில் ஒரு பெயரோடும் லண்டனில் எர்னஸ்ட் என்ற பெயரோடும் உலவுகிறான். அவன் நண்பன் ஆல்ஜெர்னன், பிடிக்காத விருந்துகளிலிருந்து நழுவுவதற்காகவே எப்போதும் நோய்ப்படுக்கையில் கிடக்கும் பன்பரி என்று ஒரு நண்பனைக் கற்பனையில் வைத்திருக்கிறான். பெண் கேட்டு வந்த ஜாக்கை லேடி பிராக்னெல் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து விசாரிக்கிற இடம் இருக்கிறதே, அதை நம் வீடுகளில் விளக்க வேண்டிய தேவையே இல்லை. வயசு, வருமானம், நிலமா முதலீடா, டவுனில் வீடு எந்தத் தெருவில், தெருவில் எந்தப் பக்கம், அப்பா அம்மா யார். கடைசிக் கேள்வியில் பையன் மாட்டிக்கொள்கிறான். விக்டோரியா ஸ்டேஷனில் சாமான் ஒப்படைக்கும் அறையில் ஒரு கைப்பைக்குள் கிடந்து எடுக்கப்பட்ட குழந்தை அவன்.

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை முடி என்பார்கள். கைப்பை அந்த ஆயிரம் பொய்யைப் பற்றிய நாடகம், அவ்வளவுதான். மற்ற மூன்றிலும் பழைய பொய்க்கு யாரோ ஒருவர் வருஷக்கணக்கில் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். கைப்பையில் ஒருவரும் தம்படி கட்டுவதில்லை. குழந்தை என்று நினைத்துத் தன் நாவலின் கையெழுத்துப் பிரதியைத் தள்ளுவண்டியில் வைத்துவிட்டு, குழந்தையைக் கைப்பைக்குள் வைத்துத் தொலைத்த மிஸ் பிரிஸம்கூட முடிவில் பாதிரியாரின் அணைப்பில் போய்ச் சேர்கிறாள். ஜாக் சொன்ன பொய்யே மெய்யாகிவிடுகிறது. ஞானஸ்நானப் பெயர் உண்மையிலேயே எர்னஸ்ட்தானாம். அப்போதே பெர்னார்ட் ஷா பார்த்துவிட்டு, சிரித்தேன், ஆனால் மனசைத் தொடாத நகைச்சுவை மாலைப்பொழுதை வீணடித்த உணர்வைத்தான் விட்டுச் செல்கிறது என்கிற தொனியில் விமர்சனம் எழுதினார். ஷாவின் தீர்ப்பு அநியாயம் என்பது என் எண்ணம். ஆனால் எங்கள் நிபந்தனைக்கு அது சரியான எச்சரிக்கை. கைப்பையை வாசித்துவிட்டு எந்த ஜோடியும் சண்டை போடாது. மசாலா டீ குடித்துவிட்டு சந்தோஷமாகத் தூங்கப் போய்விடும்.

இன்னொரு இடைஞ்சல், எர்னஸ்ட் என்ற பெயரும் நேர்மையானவன் என்ற பொருளும் ஆங்கிலத்தில் ஒரே ஒலியில் விழுவது. தமிழில் வாசிக்கிறவர்கள் அவனுக்கு சத்தியசீலன் என்று பெயர் வைத்துப் பார்க்கலாம். வைத்தும் பார்த்தேன். சத்தியசீலன் என்கிற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் உடம்பு சிலிர்த்துப் போகிற பெண்ணை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. தலைமையாசிரியர் ஒருவர்தான் கண்முன் வந்து நின்றார்.

கையுறையை எளிதில் ஒதுக்கிவிட்டேன். முதல் அங்கம் முழுக்க ஒரு நாட்டுப்புறப் பங்களாவின் புல்வெளியில் பிரபுக்களும் சீமாட்டிகளும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். கதை என்று எதுவும் அசைவதில்லை. அசையத் தொடங்கியதும் அது கண்ணீர் நாடகமாகிவிடுகிறது. லார்டு இல்லிங்வொர்த் செயலாளர் வேலை கொடுக்க அழைக்கும் இளைஞன் ஜெரால்டு, இல்லிங்வொர்த் இருபது வருஷத்துக்கு முன் ஏமாற்றிக் கைவிட்ட பெண்ணுக்குப் பிறந்த அவனுடைய மகனேதான். அந்தப் பெண், மிஸஸ் ஆர்பத்நாட் என்று விதவை வேஷத்தில், தேவாலயமும் ஏழைகளுமாகக் காலம் தள்ளியிருக்கிறாள். மகன் அப்பனை அடிக்கக் கை ஓங்கும்போது, நிறுத்து, அவர் உன் அப்பா என்று கத்துகிறாள். இந்த வசனத்தை நாம் எத்தனை படத்தில் கேட்டாகிவிட்டது!

ஆனாலும் நாலாவது அங்கத்தை மட்டும் தனியாக வாசிக்கலாம். விஷயம் தெரிந்ததும் மகன், அவரைக் கல்யாணம் செய்துகொள் என்று அம்மாவை நெருக்குகிறான். அப்போதுதான் மரியாதை திரும்புமாம். அவள் மறுக்கிறாள். இல்லிங்வொர்த்தே வந்து கேட்கும்போதும் மறுக்கிறாள். இதில் சட்டச் சிக்கல் ஒன்று உண்டு, அதை இல்லிங்வொர்த் தன் வாயாலேயே சொல்கிறான்: பெற்றோர் பிறகு மணந்துகொண்டாலும் முன்பே பிறந்த பிள்ளையை இங்கிலாந்துச் சட்டம் சட்டப்படியான பிள்ளையாக ஏற்காது. அந்த விதி 1926 வரை மாறவில்லை. ஆக, அந்தக் கல்யாணத்தால் மகனுக்குப் பிறப்புரிமை என்று ஒன்றும் கிடைக்கப் போவதில்லை. ஊர் வாய்க்கு ஒரு பூட்டு, அவ்வளவே. அவள் மறுப்பது வெறும் ரோஷமில்லை, கணக்கும் சரியாகத்தான் இருக்கிறது. அவன் அவளையும் பிள்ளையையும் சேர்த்து இழிசொல் ஒன்றைச் சொல்ல வாயெடுக்கும்போது அவனுடைய கையுறையையே எடுத்து முகத்தில் அறைகிறாளே, அந்த ஒரு நொடிக்காக மீதி மூன்று அங்கத்தைத் தாங்கலாமா என்று யோசித்தேன். முடியாது என்றே பட்டது.

மிஞ்சுவது விசிறியும் வளையலும். உண்மையான இழுபறி இங்கேதான்.

விசிறியைப் பார்ப்போம். லேடி விண்டர்மியருக்கு இருபத்தொன்று நிறைகிற நாள். கணவன் பரிசாகக் கொடுத்த விசிறி மேஜைமேல் கிடக்கிறது. மாலை ஐந்து மணிக்கு வருகிற ஒரு டச்சஸ் அம்மாள், மிகுந்த அனுதாபத்தோடு, உன் புருஷன் மிஸஸ் எர்லின் என்கிற பெண் வீட்டுக்கு அடிக்கடி போகிறாராம், பணமும் நிறையக் கொடுக்கிறாராம் என்று பற்றவைத்துவிட்டுப் போகிறாள். லேடி விண்டர்மியர் கணவனின் மேஜையைத் திறந்து பேங்க் புத்தகத்தை எடுக்கிறாள். முதல் புத்தகத்தில் எதுவும் இல்லை. அப்பாடா என்று மூடப் போகும்போது பூட்டுப் போட்ட இன்னொரு புத்தகம் கண்ணில் படுகிறது. காகிதம் வெட்டும் கத்தியால் அட்டையைக் கிழிக்கிறாள். மிஸஸ் எர்லின் 600 பவுண்டு, மிஸஸ் எர்லின் 700 பவுண்டு, மிஸஸ் எர்லின் 400 பவுண்டு. கணவனின் போனைத் திறந்து பார்க்கிற இந்தக் காலத்து மனைவிக்கும் அவளுக்கும் நடுவே அந்தக் கத்தி ஒன்றுதான் வித்தியாசம்.

மிஸஸ் எர்லின் வைப்பாட்டி இல்லை. இருபது வருஷத்துக்கு முன், கைக்குழந்தையை விட்டுவிட்டுக் காதலனோடு போய்விட்ட லேடி விண்டர்மியரின் அம்மாவே அவள். அம்மா செத்துவிட்டாள் என்று நம்பி, அந்தப் படத்துக்கு முன் தினமும் பிரார்த்தனை செய்து வளர்ந்த பெண்ணுக்கு இது தெரியக்கூடாது என்பதற்காகத்தான் மருமகன் பணம் கட்டுகிறான். இதில் மிஸஸ் எர்லினையும் புனிதப்படுத்தத் தேவையில்லை. அவள் நடத்துவது சுத்தமான பிளாக்மெயில். மகளின் அறியாமையை மருமகனிடம் தவணை முறையில் விற்கிறாள்.

அன்றிரவே லேடி விண்டர்மியர் கோபத்தில் ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு, தன்னைக் காதலிப்பதாகச் சொன்ன லார்டு டார்லிங்டன் அறைக்குப் போய்விடுகிறாள். அந்தக் கடிதத்தை முதலில் பார்ப்பது அம்மாக்காரி. தான் இருபது வருஷத்துக்கு முன் எழுதி வைத்த அதே கடிதம் மகள் கையெழுத்தில். ஓடிப்போய் மகளைத் திருப்பி அனுப்பப் பார்க்கிறாள். அதற்குள் ஆண்கள் கூட்டம் உள்ளே வருகிறது. மகள் திரைக்குப் பின்னால், அம்மா பக்கத்து அறையில். சோபாவில் விசிறி. அது தன் மனைவியின் விசிறி என்று விண்டர்மியர் கண்டுபிடித்துத் திரையை நோக்கி நகர்கிற நேரத்தில் மிஸஸ் எர்லின் வெளியே வந்து, தவறுதலாக உங்கள் மனைவியின் விசிறியை எடுத்து வந்துவிட்டேன் என்கிறாள். அந்த ஒரு வாக்கியத்தில் அவள் சமூகத்துக்குள் திரும்பி வர எடுத்த முயற்சியெல்லாம் போய்விடுகிறது. எல்லோரும் அவளையே பார்க்க, மகள் ஓசையில்லாமல் நழுவிப் போகிறாள்.

இதன் கனம் புரிய அன்றைய விவாகரத்துச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். 1857இல் வந்த சட்டப்படி மனைவியின் கள்ளத்தொடர்பு ஒன்றை நிரூபித்தாலே கணவன் விவாகரத்து வாங்கலாம். மனைவி வாங்க வேண்டுமென்றால் கள்ளத்தொடர்பு மட்டும் போதாது. கூடவே கொடுமை, கைவிடல், இருதாரம் என்று இன்னொரு குற்றமும் சேர வேண்டும். 1923இல்தான் இரண்டு பக்கத்துக்கும் தராசு சமமானது. கணவனின் பேங்க் புத்தகத்தில் 1700 பவுண்டுக்கு ஒரு பெண்ணின் பெயரைப் பார்த்த மனைவியால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. மனைவியின் விசிறி ஒன்று தவறான சோபாவில் கிடந்தால் அவளுக்கு வீடு, பெயர், தொட்டிலில் இருக்கிற குழந்தை எல்லாமே போகலாம். டார்லிங்டன் அந்த மூன்றாவது அங்கத்தில்தான் சாக்கடையில் கிடந்தாலும் சிலர் நட்சத்திரம் பார்க்கிறோம் என்கிற பிரபலமான வசனத்தைச் சொல்கிறான். வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்தோடு அதை அனுப்புகிறவர்களுக்கு, அந்த நேரத்தில் திரைக்குப் பின்னால் ஒரு பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்பது தெரியாது.

என்னைக் கவர்ந்தது முடிவு. உண்மை வெளியே வருவதே இல்லை. தன்னைக் காப்பாற்றியவள் தன் அம்மா என்று மகளுக்குக் கடைசி வரை தெரியாது. தன் மனைவி அந்த அறையில் இருந்தாள் என்று கணவனுக்குத் தெரியாது. ஆளுக்கு ஒரு ரகசியத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்தவர் பிடித்திருப்பது இன்னதென்று தெரியாமல், இரண்டு பேரும் சந்தோஷமாகக் கிராமத்து வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். மகளிடம் உண்மையைச் சொல்லிவிடப் போவதாக விண்டர்மியர் சொல்லும்போது மிஸஸ் எர்லின் தடுக்கிறாள். மகளோ நடந்ததைக் கணவனிடம் ஒப்புக்கொள்ளப் போகும்போதும் அதே எர்லின்தான் தடுக்கிறாள். மனசைத் திறந்து பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலோசனை சொல்கிறவர்களுக்கு நேரெதிரான நாடகம். அவள் கணக்கில், மகள் ஒப்புக்கொள்வது மகளுக்கு மட்டும்தான் ஆறுதல். கேட்கிறவனுக்கு அது தண்டனை.

விசிறியில் இன்னொரு தேர்வும் புதைந்து கிடக்கிறது. மிஸஸ் எர்லின் யார் என்பதைக் கடைசி அங்கம் வரை பார்வையாளர்களுக்குச் சொல்லக்கூடாது என்பது வைல்டின் எண்ணம். தியேட்டரை நடத்தியவரும் விண்டர்மியராக நடித்தவருமான ஜார்ஜ் அலெக்ஸாண்டர், முன்னாடியே சொல்லிவிட வேண்டும் என்று விடாமல் வாதாடினார். முதல் சில காட்சிகளுக்குப் பிறகு வைல்டு இறங்கி வந்து மாற்றினார். அலெக்ஸாண்டர் செய்தது சரி. தெரியாமல் பார்த்தால் அது திடுக்கிடல், ஒரு முறைக்கு மேல் செல்லாது. தெரிந்து பார்த்தால் மகள் தன் அம்மாவையே விசிறியால் அடிப்பேன் என்று மிரட்டுவதைப் பார்க்கிறோம்.

இப்போது வளையல். சர் ராபர்ட் சில்டர்ன் வெளியுறவுத் துறைத் துணை அமைச்சர், நாற்பது வயது, கறை படாத பெயர். வியன்னாவிலிருந்து வந்து இறங்கும் மிஸஸ் செவ்லி ஒரு கடிதத்தைக் காட்டுகிறாள். இருபத்திரண்டு வயதில், ஒரு மந்திரியின் செயலாளராக இருந்தபோது, சூயஸ் கால்வாய்ப் பங்குகளை அரசாங்கம் வாங்கப் போகிறது என்கிற ரகசியத்தை அறிவிப்புக்கு மூன்று நாள் முன்பே பாரன் ஆர்ன்ஹைம் என்ற பங்குச்சந்தை ஆளுக்கு விற்ற கடிதம். பாரன் முக்கால் மில்லியன் பவுண்டு பார்த்தான், சில்டர்னுக்கு 1,10,000. உமக்கு இன்னும் கூடவே கிடைத்திருக்க வேண்டும் என்று நண்பன் கோரிங் சொல்லும் இடம் நாடகத்தின் மிகச் சிறந்த சிரிப்பு. பங்கு வாங்கியது நிஜ வரலாறு. 1875இல் பிரதமர் டிஸ்ரேலி, எகிப்தின் ஆட்சியாளரான கெடிவ் வைத்திருந்த பங்குகளை ராத்ஸ்சைல்டு வங்கியில் கடன் வாங்கி 40 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார். விற்ற செயலாளர் மட்டும்தான் கற்பனை. செவ்லிக்கு வேண்டியது பணம் இல்லை. அர்ஜென்டீனாவில் கால்வாய் வெட்டுவதாக நடக்கும் ஒரு மோசடித் திட்டத்தில் அவள் காசு போட்டிருக்கிறாள். அதை நாடாளுமன்றத்தில் சில்டர்ன் ஆதரித்துப் பேச வேண்டும்.

இதற்கு மேல்தான் கல்யாணம் உள்ளே வருகிறது. லேடி சில்டர்ன் கணவனைக் கோவிலில் வைத்துக் கும்பிடுகிறவள். நம் மொழியில் பத்தினி என்ற சொல்லுக்கு ஆண்பால் கிடையாது; தேடிப் பாருங்கள், கிடைக்காது. இந்த நாடகத்தில் ஒரு மனைவி அந்த ஆண்பாலை உருவாக்கி, கணவன் தலையில் கிரீடமாக வைக்கிறாள். செவ்லி மிரட்டியதும் ஆதரித்துப் பேசச் சம்மதித்த கணவன், காரணமே தெரியாத மனைவி கட்டாயப்படுத்தியதால் மறுத்துக் கடிதம் எழுதுகிறான். அவளுடைய நேர்மைதான் அவனைத் தூக்குமேடைக்குத் தள்ளுகிறது. விஷயம் உடைந்ததும் அவன் அவள்மேல் பாய்கிறான். பெண்கள் எங்களைப் பீடத்தில் ஏற்றி வைக்கிறீர்கள். ஆண்கள் குறையோடு சேர்த்துத்தான் நேசிக்கிறோம். நீ கேட்ட அந்த உத்தமத்தனம்தான் என் வாழ்க்கையைக் கெடுத்தது. திருடிவிட்டு மாட்டிக்கொண்டவன், திருட்டைக் கண்டுபிடித்தவளைத் திட்டும் இந்தப் பேச்சை உரக்க வாசிக்கும்போது ஒரு விசித்திரம் நடக்கிறது. பாதி வரைக்கும் நியாயம் போலவே கேட்கிறது. எந்தப் பாதி வரைக்கும் என்பதில்தான் ஒரே சோபாவில் உட்கார்ந்திருக்கிற இரண்டு பேர் பிரிவார்கள்.

கோரிங் ஒரு திருட்டு நகையை வைத்து செவ்லியை மடக்குகிறான். அவள் எங்கேயோ தொலைத்ததாகத் தேடும் வைர ப்ரூச் அவன் கையில் இருக்கிறது. அவள் கையில் அதை வளையலாக மாட்டுகிறான். கொக்கியைக் கழற்ற அவளுக்குத் தெரியவில்லை. அது கோரிங்கின் உறவுக்காரப் பெண்ணிடமிருந்து அவள் முன்பு திருடியது. போலீஸுக்குப் பயந்து சூயஸ் கடிதத்தைக் கொடுக்கிறாள், கோரிங் விளக்குச் சுடரில் எரிக்கிறான். சில்டர்ன் கால்வாய் மோசடியை எதிர்த்து சபையில் முழங்கி, டைம்ஸ் பத்திரிகையின் பாராட்டைப் பெறுகிறான். மந்திரிசபையில் இடம் தேடி வருகிறது.

அந்த இடத்தை ஏற்காதே, பொதுவாழ்க்கையை விட்டு விலகு என்பது லேடி சில்டர்னின் நிலை. அவனும் சம்மதித்துவிடுகிறான். அப்போது கோரிங் அவளைத் தனியாக உட்காரவைத்து ஒரு பிரசங்கம் செய்கிறான்: ஆணின் வாழ்க்கை பெண்ணின் வாழ்க்கையை விட மதிப்பு மிக்கது, அதன் எல்லை பெரியது, மன்னிப்பதுதான் பெண்ணின் வேலை, தண்டிப்பது இல்லை. அவளும் அதைக் கிளிப்பிள்ளை போலக் கணவனிடம் ஏறக்குறைய வார்த்தை மாறாமல் ஒப்பிக்கிறாள். மற்ற எல்லா இடத்திலும் அச்சடித்த நாணயம் போல வசனம் எழுதுகிற வைல்டு, இங்கே மட்டும் பள்ளிக்கூடத்து ஒப்புவித்தல் மாதிரி எழுதியிருக்கிறார். கிண்டலா, கைவிட்டுப் போனதா? நாலு முறை படித்தும் எனக்கு ஒரு பக்கம் சாய முடியவில்லை.

பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணை உறுத்துவது விலை. குழந்தையை விட்டுப் போன எர்லின் இருபது வருஷம் நாடோடியாக அலைந்து, கடைசியில் ஒரு அசட்டுப் பிரபுவைக் கட்டிக்கொண்டு இங்கிலாந்தை விட்டே போகிறாள். காதலித்து ஏமாந்த ஆர்பத்நாட் இருபது வருஷம் கறுப்பு உடுத்தியிருக்கிறாள். அரசாங்க ரகசியத்தை விற்ற சில்டர்ன் மந்திரி. விற்ற பணத்தைப் போல இரண்டு மடங்கைத் தர்மத்துக்குக் கொடுத்துவிட்டதாக அவன் சொல்வது வேறு. நம் ஊர் உண்டியல்களில் இந்தக் குரல் கேட்டுப் பழகியதுதான்.

நாடகத்தை எழுதியவருக்கு எந்த விலை போட்டார்கள் என்பதையும் சேர்த்துத்தான் வளையலை வாசிக்க வேண்டியிருக்கிறது. ஆண்களுக்கிடையிலான பாலுறவை, எந்த வகையாக இருந்தாலும், 1885இல் ஒரு சட்டத் திருத்தம் குற்றமாக்கியது. பிளாக்மெயில்காரர்களின் சாசனம் என்றே அதற்குப் பெயர் வந்தது. கையுறை ஒத்திகையில் இருந்த 1893இல், வைல்டு தன் காதலன் ஆல்ஃபிரட் டக்ளஸுக்கு எழுதிய ஒரு கடிதத்தை வைத்துச் சிலர் அவரிடமே பணம் கேட்டார்கள். அதன் நகல் ஒன்று ஒத்திகை நடத்திக்கொண்டிருந்த நடிகர் பீர்போம் ட்ரீயின் கைக்கும் போனது. கடிதத்தைக் காட்டி மிரட்டுகிற செவ்லியை வைல்டு எழுதியது அதற்குப் பிறகு. 1895 ஏப்ரல் 3 அன்று, டக்ளஸின் அப்பா மீது வைல்டு போட்ட அவதூறு வழக்கு தொடங்கியது. அந்தக் கடிதம் நீதிமன்றத்தில் படிக்கப்பட்டது. அதை விளக்குச் சுடரில் காட்ட கோரிங் ஒருவரும் வரவில்லை. இரண்டு நாளில் வைல்டே கைது, மே 25 அன்று இரண்டு வருஷக் கடுங்காவல். வளையலும் கைப்பையும் ஓடிக்கொண்டிருந்த தியேட்டர்களின் சுவரொட்டிகளில் ஆசிரியர் பெயரை எடுத்துவிட்டு நாடகத்தை மட்டும் கொஞ்ச நாள் ஓட்டினார்கள். 1899இல் இரண்டும் புத்தகமானபோதும் அட்டைப்பக்கத்தில் பெயர் இல்லை. ‘லேடி விண்டர்மியர்ஸ் ஃபேன்’ எழுதியவர் என்று மட்டும் இருந்தது. மனைவி கான்ஸ்டன்ஸ் தனக்கும் இரண்டு மகன்களுக்கும் ஹாலண்ட் என்று குடும்பப் பெயரை மாற்றிக்கொண்டு வெளிநாட்டில் வாழ்ந்தார்.

இனி தீர்ப்பு. நாடகமாகப் பார்த்தால் விசிறி மேல். கட்டுக்கோப்பு இறுக்கம், முடிவில் துணிச்சல், எர்லின் மாதிரி ஒரு பாத்திரம் மற்ற மூன்றிலும் இல்லை. பணம் கொடுத்து மேடையில் பார்க்க ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் யோசிக்காமல் விசிறிக்கு டிக்கெட் எடுங்கள். ஆனால் நாங்கள் மேடையில் பார்க்கப் போவதில்லை, ஹாலில் உட்கார்ந்து வாசிக்கப் போகிறோம். விசிறியின் உச்சம் கண்ணுக்கானது. சோபாவில் கிடக்கும் விசிறி, அசையாத திரை, பேச்சில்லாமல் வெளியேறும் பெண். வாசிக்கும்போது வசனம் இல்லாத பாத்திரம் காற்றில் கரைந்துவிடும். லேடி விண்டர்மியராக வாசிப்பவர் அந்த நேரத்தில் முறுக்கு தின்றுகொண்டிருப்பார். வளையலில் கனமான இடங்கள் எல்லாமே இரண்டு பேர் எதிரெதிரே நின்று வாதாடுவது. கணவனும் மனைவியும், கணவனும் நண்பனும், செவ்லியும் கோரிங்கும். குரல் இருந்தால் போதும். பாத்திரம் பதினைந்து என்பது பயமுறுத்தலாம். முதல் அங்கத்தில் மட்டும் வரும் விருந்தாளிகளை வெட்டி, வேலைக்காரர்களை ஒருவராக்கிவிட்டால் எட்டில் நிற்கும். நான்கு அங்கம் என்பதால் இரண்டு சனிக்கிழமைக்குச் சரியாகப் பிரியும், இரண்டாவது அங்கத்தின் முடிவில், சில்டர்ன் மனைவியைத் திட்டிவிட்டு வெளியேறும் இடத்தில் நிறுத்தலாம். ஒரு மாசம் ஊறட்டும்.

விசிறியில் ரகசியம் காப்பாற்றப்படுகிறது, அதனால் வாசித்தவர்கள் பெருமூச்சு விட்டுக் கலைவார்கள். வளையலில் ரகசியம் உடைந்து, அதை மறைத்தவனுக்கே பரிசு கிடைக்கிறது. அதை ஏற்றுக்கொண்டு சும்மா எழுந்து போக ஒருவராலும் முடியாது. எங்கள் நிபந்தனைக்கு அதுதான் தேறுகிறது. விசிறி அடுத்த முறை. வளையலுக்குப் பிறகு எர்லினைப் படித்தால் அவள் கட்டிய வட்டி இன்னும் கனமாகத் தெரியும் என்பதால் இந்த வரிசைதான் எனக்குப் பிடித்திருக்கிறது. கைப்பை, யாருக்காவது பிறந்தநாள் வந்தால்.

குரூப்பில் பாத்திரப் பட்டியலைப் போட்டாகிவிட்டது. சில்டர்னும் லேடி சில்டர்னும் ஒரே ஜோடிக்குப் போகாமல் பார்த்து, குறுக்கே மாற்றிப் பிரித்திருக்கிறேன். ஒருவர் புருஷனை இன்னொருவர் மனைவி திட்டினால் குரல் நன்றாக எழும்பும். செவ்லிக்கு இரண்டு பெண்களுமே போட்டி போட்டார்கள், சீட்டுப் போட்டுத்தான் தீர்க்க வேண்டும். லேடி சில்டர்ன் வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கோரிங்கை நானே எடுத்துக்கொண்டேன். ஆணின் வாழ்க்கை மதிப்பு மிக்கது என்கிற அந்தப் பிரசங்கத்தை யாராவது வாசித்தே தீர வேண்டும், வாசித்துவிட்டுத் தனியாக வீட்டுக்குப் போகிறவன் நான் ஒருவன்தான்.